ஜெராய் கிரிவலம்: பீடோங்கிலிருந்து ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

ரயில் மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். அதுவரை தூங்கிக்கொண்டு வந்தாலும் சரி, பக்கத்துச் சீட்டு ஆளின் போன் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தாலும் சரி, பாலம் வந்ததும் தலை இடது பக்கச் சன்னலுக்குத் திரும்பிவிடும். அங்கிருந்து கெடா மாநிலம். கொஞ்ச நேரத்தில் ஜெராய் மலை தெரியும்.

இன்றைக்குத் தெரியவில்லை. அடிவாரம் மட்டும் நீலமாக, மேலே முழுக்க மேகம். சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வந்திருந்த தம்பி, பையைக்கூட வாங்காமல் சொன்ன முதல் வார்த்தை: “அக்கா, தொப்பி போட்டுருச்சு பாத்தியா? ராத்திரி மழைதான்.”

இந்தப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொப்பியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பெய்தால் ரப்பர் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரம் முழுக்க வழியும், பால் பிடிக்கும் மங்கில் (கிண்ணத்தில்) விழுந்த பாலிலும் தண்ணீர் சேர்ந்து வீணாகும். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதனால் அம்மா சாயங்காலமே லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, நாளைக்கு அரிசி எவ்வளவு போடலாம், கடைக்காரருக்கு என்ன சொல்லலாம் என்றெல்லாம் கணக்குப் போடுவார். எங்கள் வீட்டு வரவு செலவு அந்த மேகத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மலை பெரிய உயரம் ஒன்றும் இல்லை, 1,217 மீட்டர். கேமரன் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். கெடாவிலேயே உள்நாட்டுப் பக்கம் இதைவிட உயரமானவை இருக்கின்றன. ஆனால் அவை கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவை. ஜெராய் கடலோரச் சமவெளியில், நெல் வயலுக்கும் செம்பனைக்கும் நடுவில், துணைக்கு ஒரு குன்றுகூடச் சரியாக இல்லாமல் ஒற்றையாக நிற்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு முதலில் மோதக் கிடைப்பது அதுதான், அதனால்தான் அந்தத் தொப்பி. சுங்கை பட்டாணியிலிருந்து பார்த்தாலும் தெரியும், யானிலிருந்தும் தெரியும், நல்ல வெயில் நாளில் பினாங்கிலிருந்தும் தெரியும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது, ஒரு தடவைகூட மேலே போனதில்லை. அம்மாவுக்கு எழுபத்து மூன்று, அவரும் போனதில்லை. இந்த முறை மலையை ஒரு சுற்று சுற்றி, மேலேயும் ஏறிவிட்டு வருவதாகத் திட்டம். தம்பியின் காடி (கார்), தம்பியின் பெட்ரோல். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

பத்து கிலோமீட்டர் போல இருக்கும் பீடோங்குக்கு. வழியெல்லாம் தாமான், தாமான், இன்னொரு தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்புகள். போன தீபாவளிக்கு வந்தபோது செம்மண்ணாகக் கிடந்த இடத்தில் இப்போது மாடிவீட்டு வரிசையும் சலவைக் கடையும் நிற்கின்றன. மழை பெய்கிறது. தம்பி ஜெயித்துவிட்டான்.

இரண்டாம் நாள், வெள்ளி

கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கிள்ளானிலேயே இருந்து பழகிவிட்டால் இது மறந்துபோகும். பீடோங் கடைத்தெருவில் பசியாற இடம் கிடைக்கவே இருபது நிமிடம். தோசை, சட்னி, மீன் சம்பல், தே தாரேக். மூன்று பேருக்கு ஆன தொகையைச் சொல்ல மாட்டேன், கிள்ளான்காரர்கள் பொறாமைப்படுவார்கள்.

பீடோங் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வரும், செமெலிங் பக்கம். எங்களுக்கு ஹார்வர்ட் தோட்டம். தம்பி யாரைப் புதிதாகப் பார்த்தாலும் “நான் ஹார்வர்ட்ல படிச்சவன்” என்பான். இந்த ஜோக்கைப் பீடோங்கில் எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள், அலுத்துப்போன ஜோக். ஆனால் பொய் இல்லை: ஹார்வர்ட் தோட்டம் பிரிவு ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அமெரிக்கக் கம்பெனி நடத்திய தோட்டம், அந்தப் பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் தோட்டம் அதுவல்ல, பக்கத்தில் இருந்த சின்னது. அதன் பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது, இப்போது அது இல்லவும் இல்லை.

1909-ல் சயாமிடமிருந்து கெடா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. ஜெராய்க்குத் தெற்கே காடு அழிந்து தோட்டமாகிக்கொண்டிருந்தது. பினாங்கில் கப்பல் இறங்கியவர்களைக் கங்காணிகள் இங்கே கொண்டுவந்தார்கள். தாத்தாவும் அப்படி வந்தவர்தான். ஏன் வடக்கே இல்லாமல் தெற்கே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நிலத்தைப் பார்த்தால் புரியும்: மலைக்கு வடக்கே தட்டையான ஈர நிலம், நெல்லுக்கே ஆனது, மலாய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உழுதது. தெற்கே மேடும் பள்ளமுமாக, தண்ணீர் நிற்காத செம்மண். ரப்பருக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. தாத்தா மலைக்கு எந்தப் பக்கம் வந்து விழுவார் என்பதை மண் முடிவு செய்திருக்கிறது.

இதே பீடோங்கில், இதே ஹார்வர்ட் தோட்டத்தில்தான் இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு, 1946, 47-ல் தொண்டர் படை எழுந்தது. ஏ.எம். சாமி என்பவர் முன்னால் நின்றார். முக்கியமாகக் கள்ளுக்கடைக்கு எதிராக. தோட்டத்தில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் அனுமதியோடு நடக்கும், வாங்கிய சம்பளம் அங்கேயே திரும்பிப் போய்விடும். இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள். நேதாஜியின் படையில் இருந்துவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள், கடை முன்னால் மறியல் செய்தார்கள், போலீஸோடு மோதல் வரை போனது. தமிழர்கள் கைகட்டி நின்றவர்கள் மட்டுமே என்று நினைக்கும் ஆட்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். பீடோங்கில் இதற்கு ஒரு பலகை, ஒரு கல், எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இன்றைக்கும் தேடிப் பார்த்தேன்.

அப்புறம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்க, லயத்தில் இருந்தவர்கள் தெருவில். அதைத் தடுக்க 1960-ல் அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து பத்து வெள்ளியாக (டாலராக) சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் இந்தக் கெடாவில்தான், புக்கிட் சிடிம். எங்கள் தோட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதலில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை, பிறகு செம்பனையை வெட்டிவிட்டு வீடு.

சாயங்காலம் அந்த இடத்துக்குப் போனோம். வளைவு வைத்த நுழைவாயில், காவலுக்கு நேப்பாளத்துப் பையன். அம்மா காடியிலிருந்து இறங்காமலே கையை நீட்டினார்: “இது பதினாலாம் நம்பர் காடு. அங்க பாரு, அந்தப் பச்சைக் கேட்டு வீடு, அங்கதான் பால் கொட்டாய்.” எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவர் மலையை வைத்துக் கணக்குப் போடுகிறார். மலையின் இடது தோளில் ஒரு பள்ளம் இருக்கிறது, அந்தப் பள்ளத்துக்கு நேராகப் பால் கொட்டாய், உச்சிக்கு நேராகக் கோயில். எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டார்கள், மலையைத் தள்ள முடியவில்லை. கோயில் மட்டும் இருக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம், சின்னதாகி. முனியாண்டி சாமி.

மூன்றாம் நாள், சனி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, அதனால் நீளும். மேற்கே செமெலிங், சுங்கை பத்து, மெர்போக் என்று மலையின் தென்புற அடிவாரத்தை ஒட்டியே சாலை போகிறது. இந்த அடிவாரம் முழுக்கத்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. நமக்குப் பழக்கமான பெயரில் சொன்னால், கடாரம்.

முதலில் சுங்கை பத்து. செம்பனைக்கு நடுவே கூரை போட்டுச் செங்கல் அடித்தளங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009-லிருந்து தோண்டிவரும் இடம். கோயிலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், இது பட்டறை. இரும்பு உருக்கிய உலைகள், கசடு, உலைக்குக் காற்று ஊதச் செருகும் களிமண் குழாய்கள், எங்கே பார்த்தாலும் உடைந்த குழாய்கள். ஆற்றங்கரையில் படகுத்துறை மாதிரிக் கட்டுமானங்களும் உண்டு. அந்த ஆறு இப்போது ஒரு வாய்க்கால் அளவுக்கு இருக்கிறது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே இரும்பு வேலை நடந்தது என்பது அவர்கள் கணக்கு. அவ்வளவு பின்னால் போவதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பக்கம் எடுக்கத் தெரியாது, ஆனால் குழாய்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது யாரோ நாலு பேர் பொழுதுபோக்குக்குச் செய்த வேலை இல்லை என்பது தெரிகிறது.

ஏன் இங்கே என்றால் அதற்கும் மலைதான் பதில். ஜெராயின் பாறை ஐம்பது கோடி ஆண்டுக்கு முந்தையது, லங்காவியின் மச்சின்சாங் மலையோடு சேர்த்துத் தீபகற்பத்திலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று. கடலடி மணலும் சேறும் இறுகிப் பாறையாகிக் கிடந்தது. அதற்குள் ரொம்பக் காலம் கழித்துக் கீழேயிருந்து கருங்கல் குழம்பு பொங்கி ஏறியது. அந்தச் சூட்டில் வெந்த பழைய பாறை வேறு பாறையாக மாறியது. சூடு தொட்ட விளிம்புகளில் இரும்புத் தாது சேர்ந்தது. தாது மலையில், விறகுக்குக் காடு மலைச்சரிவில், ஏற்றிப் போக ஆறு காலடியில். ஓர் உலைக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

கடலில் வருகிறவனுக்கும் இந்த மலை வேண்டும். வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் கப்பலுக்குத் தட்டைக் கரை கண்ணில் படாது, கிட்டே வந்த பிறகுதான் தெரியும். ஜெராய் தூரத்திலேயே தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து காற்றைப் பிடித்துக் கிழக்கே வந்தவர்கள் இதைப் பார்த்துத்தான் திசை திருப்பியிருப்பார்கள். மழைக்கு அம்மா பார்த்த அதே தலையை அவர்கள் கரைக்காகப் பார்த்திருக்கிறார்கள்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த சரக்கைச் சொல்லும்போது ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’ என்று ஒரு வரி வரும். காழகம் என்றால் கடாரம் என்று உரை சொன்னவர் நச்சினார்க்கினியர். ஏழாம் நூற்றாண்டில் சீனத்துறவி இ-சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கியிருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டிய புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டு, மூடா ஆற்றுக்குத் தெற்கே பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ கண்ணில் 1834-ல் பட்டது, இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மெர்போக்கில் அருங்காட்சியகம், அதன் பின்னால் படியேறினால் புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்றால் மலாயில் பழைய கோயில். தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவியும் 1936-37-ல் இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டினார்கள், அலஸ்டேர் லாம்ப் 1959-60-ல் இந்தக் கோயிலைக் கல் கல்லாக அடுக்கித் திருப்பி நிறுத்தினார். பக்கத்தில் ஓடை சலசலவென்று ஓடுகிறது, மலையிலிருந்து நேராக வருகிற குளிர்ந்த தண்ணீர். கருங்கல் மேடை, அதன் மேல் கருவறைச் சுவர், முன்னால் தூண் நிறுத்திய கல் பீடங்கள். தூணும் கூரையும் மரமாக இருந்திருக்க வேண்டும், அதனால் மிச்சமில்லை. அடியில் கிடைத்த கல் பேழைகளில் ஒன்பது குழி செதுக்கியிருந்தது. கோயில் கட்டும்போது கருவறைக்கு அடியில் பொன்னும் மணியும் வைத்து மூடுவது நம் ஊரிலும் உண்டு, அதே வேலைதான். சிவன் கோயிலாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே சாமி இல்லாத அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை, பழகியிருப்பார்.

அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மலாய்க்காரர், மெர்போக்காரர். தமிழர்கள் நிறையப் பேர் வருவதாகவும், வந்ததும் ராஜேந்திரன் பெயரைச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதாகவும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது, பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்தை அடித்தது உண்மை, மெய்க்கீர்த்தியிலேயே இருக்கிறது, ‘கடாரம் கொண்டான்’ என்று பட்டமும் உண்டு. ஆனால் அவர் இங்கே குடியேற வரவில்லை, அரசனைப் பிடித்து, யானையையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அதற்கு இருபது வருடம் முன்னால் பார்த்தால் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டுகிறார், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுக்கிறார், செப்பேடு இருக்கிறது. கடாரத்துக்கும் நமக்கும் உறவு என்றால் எனக்கு அதுதான் உறவு. பெங்காலான் பூஜாங்கில் மண்ணைக் கிளறினால் சீனத்துப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் மணிகளும் சேர்ந்து கிடைத்தன. எல்லா ஊர்க்காரனும் வந்து போன சந்தை. படையெடுத்தவனைக் கொண்டாடுகிற அளவுக்கு, மங்கு கழுவி, மரத்தின் வெட்டுக் கோட்டில் உறைந்த கோட்டுப்பால் பொறுக்கிய பாட்டியை நாம் கொண்டாடவில்லை. இரண்டு பேரும் ஒரே மலையடிவாரத்துக்குத்தான் வந்தார்கள், பாட்டி திரும்பிப் போகவில்லை.

இன்னொன்று. 2013-ல் சுங்கை பத்து பக்கம் பதினொன்றாம் எண் சண்டி இருந்த இடத்தை வீடு கட்ட நிலத்தைத் திருத்தும்போது இயந்திரம் வழித்துத் தள்ளிவிட்டது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டது என்றார்கள். நாடு முழுக்கப் பெரிய கூச்சல். அந்த இடம் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படாமல் தனியார் நிலத்துக்குள் இருந்தது. ஊர் வளர்கிறது, வீடு வேண்டும், சரி. நானும் தாமானில்தான் இருக்கிறேன். ஆனால் சண்டியையும் எங்கள் லயத்தையும் தள்ளியது ஒரே மாதிரி மஞ்சள் இயந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், ஞாயிறு

கிரிவலம். திருவண்ணாமலைக்குப் போகும்போது செய்வது மாதிரி வெறுங்காலில் இல்லை, தம்பியின் மைவி காடியில், ஏசி போட்டு. அம்மா வரவில்லை, கால் வலி. நாளைக்கு மேலே போவதற்காகச் சேமித்து வைக்கிறாராம்.

பீடோங்கிலிருந்து வடக்கே குரூண். மலைக்கும் கிழக்கே உள்ள காட்டுக் குன்றுகளுக்கும் இடையில் ஒரு வாசல் மாதிரி, அதற்குள்தான் பழைய சாலை, ரயில் பாதை, நெடுஞ்சாலை எல்லாம் நெருக்கிக்கொண்டு போகின்றன. வடக்கேயிருந்து தெற்கே வருகிறவன் யாராக இருந்தாலும் இந்த வாசலில் நுழைந்துதான் ஆகவேண்டும். அதனால்தான் 1941 டிசம்பரில் ஜித்ராவில் தோற்ற பிரிட்டிஷ் படை இங்கே நின்று ஜப்பான்காரனைத் தடுக்கப் பார்த்தது. நின்றவர்களில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. தாத்தாவின் தம்பி போனவர் வரவில்லை. வீட்டில் அவர் படம் இல்லை, பெயர் மட்டும் என் தம்பிக்கு வைத்திருக்கிறார்கள்.

குரூணைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் நாடே மாறிவிடுகிறது. செம்பனை ஒரேயடியாக நின்று வயல். கண்ணுக்கு எட்டும் வரை பச்சை. கொக்குகள். அலோர் ஸ்டாரிலிருந்து இந்த மலையடி வரை நேர்க்கோடாக ஒரு கால்வாய் வருகிறது, கெடா முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான் 1885-ல் வெட்டத் தொடங்கியது, 36 கிலோமீட்டர். ராத்திரியில் தீவட்டிகளை வரிசையாக நட்டு, மலையைக் குறி வைத்து நேர் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். இவர்களுக்கும் இந்த மலைதான் அளவுகோல். கால்வாய் ஓரம் பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள், எங்கள் சந்தேகத்துக்கெல்லாம் தலையை ஆட்டினார்கள்.

யானில் மலை கடலுக்கு மிக நெருங்கி வருகிறது. தீத்தி ஹாயூன் அருவிக்குப் போனோம். குளிக்க இடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் இறங்கவில்லை. 2021 ஆகஸ்ட் 18 ஞாபகம் இருக்கிறதா? மலையுச்சியில் பேய்மழை, சரிவிலிருந்து மண்ணும் பாறையும் முழு மரங்களும் சேர்ந்து ஆற்றோடு இறங்கி யான் ஊரையும் மெர்போக் பக்கத் தூப்பாவையும் அடித்தன. ஆறு பேர் இறந்தார்கள். கீழே மழை பெரிதாக இல்லாமலிருந்தாலும் மேலேயிருந்து தண்ணீர் வரும், மலாயில் ‘கெப்பாலா ஆயர்’, தண்ணீரின் தலை. சரிவு செங்குத்து, மண் மெல்லிய போர்வை, அடியில் கெட்டிப் பாறை. ஊறினால் போர்வை வழுக்கிவிடும். ஆற்றில் இன்னும் வீட்டு அளவுப் பாறைகள் கிடக்கின்றன, சில அந்த நாளில் வந்தவையாம். தேநீர்க் கடை மாக்சிக் (மலாய்க்கார அத்தை), “தண்ணி கலங்கினா ஓடு, போன் எடுக்காதே” என்று மலாயில் எங்களை மிரட்டிவிட்டுத்தான் பொரித்த வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே சிங்கிர், பிறகு தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் விழும் இடம், கரையெல்லாம் நெத்திலி காய்கிறது, காடிக்குள் மூன்று நாளைக்கு வாசம் போகாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அலையாத்திக் காடு. படகுத்துறையில் நின்று திரும்பிப் பார்த்தால் மலை முழுசாக, கால் முதல் தலை வரை.

கெடாவின் பழைய மலாய் கதைகளில் இந்த மலைக்குப் பூலாவ் செராய் என்று பெயர், செராய்த் தீவு. தீவு எப்படி மலையாகும் என்று யாரும் சிரிக்க வேண்டாம். ஐந்தாயிரம் ஆண்டுக்கு முன்னால் கடல் மட்டம் இப்போதையதைவிடச் சில மீட்டர் உயரம், இந்த வயலும் எங்கள் தாமான்களில் சிலதும் தண்ணீரில். பிறகு கடல் பின்வாங்க, ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்ட, கரை மேற்கே நகர்ந்தது. சுங்கை பத்துவின் துறைமுகம் ஊருக்குள்ளே ஒதுங்கிப் போனதற்கும் அதுதான் காரணம். செராயை ஜெராய் ஆக்கியது எந்த வாய் என்று தெரியாவிட்டாலும், தீவு என்று சொன்னவர்கள் ஒன்றும் உளறவில்லை.

மெர்போக் வழியாக வீடு. முழுச்சுற்று. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “நெத்திலி வாங்கினீங்களா?” வாங்கினோம்.

ஐந்தாம் நாள், திங்கள்

காலை எட்டு மணிக்குக் கிளம்பியாயிற்று. அம்மா சேலை, மேலே தம்பியின் தொழிற்சாலை ஜாக்கெட், பையில் புளிச்சோறு, பிளாஸ்க்கில் தேத்தண்ணி. மேலே ஹோட்டல் இருக்கிறது, சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தோம். “ஹோட்டல்காரன் எனக்குப் புளிச்சோறு வெச்சிருப்பானா?”

குரூண் பக்கத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலை, பத்து கிலோமீட்டருக்கு மேல், வளைவு வளைவாக. இரண்டாவது வளைவிலேயே அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். காது அடைத்தது. அடிவாரத்துக் காட்டில் மரங்கள் பெரியவை, ஏற ஏறக் குள்ளமாகி, பாசி படர்ந்து, கடைசியில் பாறை மேல் புதர் மாதிரி. சாலையோரம் தம்பி நிறுத்திக் காட்டினான்: குடுவைச் செடி, பூச்சி பிடிக்கும் அது. பாறைமேல் மண் அவ்வளவு ஏழை, செடியே வேட்டையாடித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. அம்மா ஒரு குடுவைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “மங்கு மாதிரியே இருக்கு,” என்றார். பிறகு பார்த்தால் ஆமாம், பால் மங்கு மாதிரியேதான்.

ஹோட்டலுக்குப் பக்கத்தில் பாடாங் தோக் ஷேக் என்று ஓர் இடம், மரங்களுக்கு நடுவே பாறை வெளி. ஏமன் நாட்டிலிருந்து வந்து கெடாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஷேக் அப்துல்லா இங்கே தொழுதார் என்று நம்பிக்கை. ஒரு குடும்பம் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அடிவாரத்தில் சண்டி, மேலே ஷேக், எங்கள் லயத்து முனியாண்டி வேறு தூரத்தில். மலைக்கு யார் வந்தாலும் சம்மதம்தான் போல. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள், அங்கே நம்மை விடமாட்டார்கள்.

பார்வை மேடைக்கு வந்தபோது வடக்குப் பக்கம் நல்ல தெளிவு. வயல், வயலுக்குள் நேற்று நாங்கள் பார்த்த கால்வாய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல, கடல், தூரத்தில் நிழல் மாதிரி லங்காவி. தென்பக்கம் திரும்பினால் அம்மாவின் பக்கம். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கீழேயிருந்து மலையை வைத்து எதையும் கண்டுபிடித்தவருக்கு மேலேயிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே பச்சை, நடுநடுவே தாமான் கூரைகள் செங்கல் நிறத்தில் கட்டம் கட்டமாக, கட்டங்கள் சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வரை கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே வருகின்றன. “அந்தப் பள்ளம் எங்கடா? பள்ளத்தக் காட்டு, நான் பால் கொட்டாயக் காட்டுறேன்.” தம்பி சொன்னான், “அம்மா, அந்தப் பள்ளத்து மேலதான் நிக்கிறோம்னு நெனைக்கிறேன்.” அது அவருக்குப் பிடிக்கவில்லை.

புளிச்சோற்றைப் பிரித்தோம். குரங்கு ஒன்று வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போனது, இழப்பு ஐந்து வெள்ளி. பாதிச் சாப்பாட்டில் கடல் பக்கமிருந்து வெள்ளையாக வந்தது. முதலில் கடல் போனது, அப்புறம் வயல், அப்புறம் பக்கத்து மேசை. கை நனைந்த மாதிரி இருந்தது. அம்மாவின் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன்.

“இப்ப நாம தொப்பிக்குள்ள இருக்கோமா?” என்று கேட்டார் அம்மா.

“ஆமாம்மா.”

கொஞ்ச நேரம் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். “அப்ப கீழ இன்னிக்கு வேலை இல்ல.”

இறங்கும்போது தம்பி சின்னக் கியரிலேயே வந்தான், அப்படியும் பிரேக் தீய்ந்த வாசம். ஐந்தாறு வளைவு மேகத்துக்குள், விளக்குப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு. பிறகு மேகம் அப்படியே மேலே நின்றுவிட்டது. குரூணில் சுள்ளென்று வெயில், ஒரு சொட்டு மழை இல்லை, சாலையெல்லாம் காய்ந்து கிடந்தது.

“சே,” என்றார் அம்மா. “வெட்டியிருக்கலாம்.”